பத்து விட்ட இடம்

மூன்றாம் வருடத்தில் மனநல வார்டுக்கு இரண்டு வாரம்.
முதல் நாள் வகுப்பில்
ஜெரால்டு குடிகாரனாக நடித்தான்.
சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டு,
மேசை விளிம்பைப் பஸ் கம்பியாகப் பிடித்துக்கொண்டு
'கொண்டலாம்பட்டி ஒண்ணு' என்று
எங்கள் பேராசிரியரிடம் டிக்கெட் கேட்டான்.
சிரித்தோம்.
இளம்பிறை மட்டும் பேனா மூடியைத்
திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.
சிரித்தவர்களுக்கு ஆளுக்கொரு மதிப்பெண் குறைந்தது.
ஏனென்று யாரும் சொல்லவில்லை.

அப்புறம் ஒரு தாள் கொடுத்தார்கள். பத்துக் கேள்வி.
குமட்டல், வியர்வை, நடுக்கம்,
தோலில் எறும்பு ஊர்கிறதா,
வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதா,
இன்று என்ன கிழமை.
கூடவே ஒரு நோட்டு:
விட முடியாது என்று நினைக்கும் ஒன்றைப்
பதினான்கு நாள் விட்டுப் பாருங்கள்,
தினமும் எழுதுங்கள்.
ஜெரால்டு ரீல்ஸை விட்டான்.
நான் டீயை.

ஏழாம் கட்டிலில் மாதையன், வயது நாற்பத்தொன்று,
செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை.
கையை நீட்டச் சொல்லி
விரல்கள்மேல் அந்தத் தாளையே வைத்தேன்.
படிக்க முடியாதபடி ஆடியது.
'காலையில ஒரு கட்டிங் போட்டாத்தான் டாக்டரம்மா இது நிக்கும்.
நின்னாத்தான் பொடி வெச்சு ஊத முடியும்.'
குடித்தால் கை நடுங்கும் என்று நான் கொண்டுவந்த வாக்கியம்
கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது.

கடைசியாக எப்போது குடித்தீர்கள்?
'பதினஞ்சு நாளாச்சு.'
முதுகுக்குப் பின்னால் நின்ற மனைவி பூவாயி
ஒரு விரலைக் காட்டினாள்.
நேற்று.
தகவல் தருபவர் நம்பத்தகுந்தவரா என்ற கட்டத்தில்
இல்லை என்று எழுதினேன்.
கையெழுத்து அழகாக வந்திருந்தது.

மூன்றாம் நாள் தலைவலி.
ஐந்தாம் நாள் அதுவும் போய்விட்டது.
ஒன்பதாம் நாள் ஒன்றுமேயில்லை. மழை மட்டும்.
ஏற்காட்டு மலை பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தது.
கேட்டுக்கு எதிர்க்கடையில்
நுரை பொங்க ஆற்றிக்கொண்டிருந்தார்கள்.
யாரும் கூப்பிடவில்லை. அலுப்பில்லை, கவலையில்லை,
சொல்லிக்கொள்ள ஒரு காரணம்கூட இல்லை.
கால்தான் ரோட்டைக் கடந்தது.
இரண்டாவது கிளாஸ் முடிந்தபோது மணி ஐந்து ஐம்பது.
ராத்திரி நோட்டில் எழுதினேன்:
ஒன்பதாம் நாள். குடிக்கவில்லை.
அதுவும் அழகாகத்தான் வந்திருந்தது.

மறுநாள் மாதையனின் விரல்மேல் தாள் அசையவில்லை.
அவர் பார்வை என் காலில் இருந்தது.
'எடது கால் கொலுசுல
மூணாவது சலங்கைகிட்ட பத்து விட்டிருக்கு.
பாத்தா தெரியாது. இழுத்துப் பாருங்க.'
இழுத்தேன். கையோடு வந்தது.
பத்துக் கேள்வி கேட்காமல் கண்டுபிடித்துவிட்டார்.
'திரும்ப ஊதுனாப் புடிச்சுக்கும்.
எத்தன தடவன்னு மட்டும் கேக்காதீங்க.'
பூவாயி சிரிக்கவில்லை.
அவளுக்கு அந்த எண்ணிக்கை தெரியும்.

நேற்று நான் டீ குடித்துவிட்டேன் என்றேன்.
'சக்கரை போட்டா?' என்றார்.

கேஸ் ஷீட்டில் வெள்ளை அடிக்கக் கூடாது.
தப்பின்மேல் ஒற்றைக் கோடு, பக்கத்தில் கையெழுத்து, தேதி.
அடியில் இருப்பது தெரிய வேண்டும்.
இரண்டு இடத்தில் கோடு போட்டேன்,
அவருடைய தாளில் ஒன்று, என் நோட்டில் ஒன்று.

கடைசி நாள் வாய்மொழித் தேர்வு.
குளுக்கோஸுக்கு முன்னால் என்ன கொடுப்பாய்?
தயமின்.
சரி, போ.

நோட்டுகளை அடுக்கி வைக்கும் வேலை என்னுடையது.
இளம்பிறையின் நோட்டு நான்காம் நாளோடு நின்றிருந்தது.
விடுவது என்ற இடத்தில்:
ராத்திரி பத்துக்கு மேல் அப்பாவின் போனை எடுப்பது.
நான்காம் நாள், பதினொன்று இருபது:
எடுத்தேன்.